கருவியின் மேல் வைக்கும் தெளிவு

புதிதாக வாங்கிய கேமராவின் மேல், அதை வாங்கியவருக்கு உண்டாகும் உறுதி அறிவைச் சேர்ந்ததா, விருப்பத்தைச் சேர்ந்ததா என்னும் கேள்வி முதற்பார்வையில் கடைத்தெருவோடு முடிந்துபோவதாகத் தோன்றலாம். ஆயினும் இந்தியத் தத்துவ மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வந்த ஒரு சிக்கல் இந்தக் கேள்விக்குள் அப்படியே அடங்கியிருக்கிறது. ஓர் அறிவு தோன்றும்போதே அது மெய்யென்னும் உறுதியும் உடன் தோன்றிவிடுகிறதா, அல்லது அந்த உறுதி பின்னர் வேறொரு சான்றின் வழியே வந்து சேர்கிறதா என்பதே அந்தச் சிக்கல். வடமொழி நூல்கள் இதைப் பிராமாண்ய விசாரம், அதாவது அறிவின் மெய்ம்மை பற்றிய ஆராய்ச்சி, என்று அழைக்கின்றன. நெய்வேலி நகரியத்தில் ஒருவர் கையில் இருக்கும் புதிய கேமராவின் மேல் அந்த ஆராய்ச்சியை வைத்துப் பார்த்தால், அவருடைய உறுதி பொய்யன்று என்பதும், ஆனால் அது கேமராவைப் பற்றிய அறிவாக இல்லாமல் அவரைப் பற்றிய அறிவாகவே இருக்கிறது என்பதும் புலனாகும்.

இந்த ஆராய்ச்சிக்கு நெய்வேலியைக் களமாகக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் நடுவே அமைந்த இந்த ஊரைச் சுற்றித்தான் சைவ சித்தாந்தத்தின் சந்தான குரவர்கள், அதாவது ஆசிரியர் வழிமுறையில் வந்த நால்வர், வாழ்ந்தார்கள்: திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார், பண்ருட்டியை அடுத்த திருத்துறையூரில் அருள்நந்தி சிவாசாரியார், பெண்ணாகடத்தில் மறைஞான சம்பந்தர், சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் உமாபதி சிவாசாரியார். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் உயிருக்கும் உடலுக்கும் கருவிக்கும் உள்ள உறவை இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்த அதே மண்ணில், 1956ஆம் ஆண்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டு, கருவிகளைச் சார்ந்தே வாழும் ஒரு நகரம் வட்டம் வட்டமாக எழுந்தது. இயந்திரத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை இங்கே ஓர் ஓய்வுநேர உணர்வாக இல்லை. சுரங்கத்தின் விளிம்பில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரை இயக்குபவரும், அனல் மின் நிலையத்தில் இரவுப் பணி முறையில் அளவுமானிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் அன்றாடம் செய்யும் தொழிலே அதுதான். அத்தகைய ஊரில், போனஸ் தொகை கைக்கு வரும் பருவத்தில் ஒருவர் நெடுநாள் ஆசைப்பட்ட கேமராவை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும்போது, அந்த உறுதியின் இயல்பைக் கேட்பது அயலான கேள்வி ஆகாது.

தமிழ் நூல்களுக்கு இந்தக் கேள்வி பழையது. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரைச் சந்திக்கும் காதையில், முதலில் பேசும் அளவைவாதி, அதாவது அறிவைப் பெறும் வழிகளையே அடிப்படையாகக் கொண்டு வாதிடுபவன், பத்து அளவைகளைக் கூறியபின் அவற்றைப் போலத் தோன்றி ஏமாற்றும் எட்டுப் போலிகளையும் எடுத்துரைக்கிறான். அவற்றுள் ஒன்று தேராது தெளிதல்: ஆராய்ந்து பார்க்காமலேயே ஒன்றை உறுதியாகக் கொண்டுவிடுவது. ஐயம் தனியொரு குற்றமாகவும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் திரிபு தனியொரு குற்றமாகவும் அதே பட்டியலில் நிற்க, தேராது தெளிதல் அவை இரண்டினின்றும் வேறாக எண்ணப்பட்டிருப்பது ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. ஏனெனில் தேராது தெளிந்தவன் கொண்ட முடிவு தற்செயலாக உண்மையாகவே இருக்கலாம். வாங்கிய கேமரா உள்ளபடியே நல்ல கேமராவாக இருக்கலாம். அப்போதும் அவனிடம் இருப்பது அறிவாகாது என்பதே அளவை நூலாரின் கணிப்பு. திருக்குறளின் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரமும் இதே எல்லையில் நிற்கிறது. வினைக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுக்கும் அரசனுக்குச் சொன்ன அந்த அதிகாரத்தின் இறுதிக் குறள், ஆராயாமல் நம்புவதையும் நம்பியவரிடத்தில் பின்பு ஐயம் கொள்வதையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டுமே தீராத துன்பம் என்கிறது. இரண்டாவதாகச் சொல்லப்பட்ட குற்றம் கேமரா வாங்குபவர்களிடம் எப்படி வெளிப்படுகிறது என்பது பின்னர் வரும்.

வாங்குபவரின் உறுதி எந்தெந்த வழிகளால் திரண்டது என்று பிரித்துப் பார்ப்பது முதல் வேலை. அருள்நந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளை ஆராய்ந்து, பிறர் ஆறு என்றும் பத்து என்றும் அதற்கு மேலும் விரித்துக் கூறியவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கிவிடும் என்று முடிவு கட்டுகிறார். காண்டல் என்பது நேரே அறிதல். கருதல் என்பது கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல். உரை என்பது நம்பத்தக்கவர் சொல். கேமரா வாங்குபவரிடம் உரையே முந்தி வருகிறது. திருமண வீடுகளில் இருபது ஆண்டுகள் படமெடுத்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் ஒரு பிராண்டைச் சொல்லியிருப்பார். அதே மாடலை வைத்திருக்கும் உறவினர் ஆமோதித்திருப்பார். அடுத்து வருவது கருதல்: சென்சாரின் பரப்பு பெரியது, ஆகவே குறைந்த ஒளியிலும் படம் தெளிவாக விழும், லென்ஸின் துளை அகலமானது, ஆகவே பின்னணி மங்கி முகம் எடுப்பாகத் தெரியும் என்ற வகையில் காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்லும் அனுமானங்கள். காண்டல் மிகக் கடைசியாக, மிகக் குறைவாகவே வாய்க்கிறது. கடையின் வெள்ளை விளக்கொளியில் இரண்டு மூன்று படங்கள் எடுத்துப் பார்ப்பதோடு அது நின்றுவிடுகிறது.

இந்த மூன்றின் கூட்டுத்தொகைதான் வாங்கியவரின் உறுதி என்று சொல்லிவிட முடியுமானால் சிக்கல் இல்லை. ஆனால் உறுதி அந்தக் கூட்டுத்தொகையைவிட எப்போதும் பெரிதாக இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முந்தின நிமிடம்வரை இருந்த தயக்கம், பணம் கொடுத்த மறுநிமிடம் புதிய சான்று எதுவும் சேராமலேயே மறைந்துவிடுகிறது. பெட்டியைத் திறந்து, பட்டையைக் கழுத்தில் மாட்டி, பிடியின் ரப்பர் விரல்களுக்குப் பொருந்துவதை உணரும் கணத்தில் உறுதி மகிழ்ச்சியாகவே மாறிவிடுகிறது. இங்கேதான் அருள்நந்தியார் செய்த மற்றொரு பாகுபாடு பயன்படுகிறது. காண்டல் அளவையை அவர் நான்காகப் பகுக்கிறார்: ஐம்பொறிகளால் அறியும் இந்திரியக் காட்சி, மனத்தால் அறியும் மானதக் காட்சி, தன்னுள் எழும் இன்ப துன்பங்களை உயிர் தானே நுகர்ந்தறியும் தன்வேதனைக் காட்சி, யோகியர் பெறும் யோகக் காட்சி. மூன்றாவதான தன்வேதனைக் காட்சியில் உள்ள ‘வேதனை’ துன்பத்தை மட்டும் குறிக்கவில்லை. இன்பத்தையும் துன்பத்தையும் உணரும் அனுபவ உணர்வு அனைத்தும் அதில் அடங்கும். வாங்கியவரின் மகிழ்ச்சி கலந்த உறுதி இந்த வகையைச் சேர்ந்தது. அது காட்சி ஆதலால் பொய்யாகாது. அவருக்குள் அப்படி ஓர் உறுதி இருக்கிறது என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. ஆனால் அது காட்டும் பொருள் அவருடைய உள்ளமே. கேமராவின் சென்சாரைப் பற்றியோ லென்ஸைப் பற்றியோ அந்தக் காட்சி எதுவும் சொல்வதில்லை, சொல்லவும் அதனால் இயலாது. தன்வேதனைக் காட்சி தந்ததை இந்திரியக் காட்சியும் கருதலும் தந்ததாக எண்ணிக்கொள்வதே இங்கு நிகழும் பிழை. அந்தப் பிழைதான் தேராது தெளிதல்.

இவ்வளவு சொன்னால், சோதித்து முடிக்கும்வரை எவரும் எதையும் நம்பலாகாது என்ற முடிவுக்கு வந்துவிட நேரும். மீமாம்சகர்கள், அதாவது வேத வாக்கியங்களின் பொருளை ஆராய்ந்த தத்துவ மரபினர், இந்த முடிவை ஏற்பதில்லை. அவர்களுடைய மறுப்பு வலிமையானது. ஓர் அறிவை மற்றோர் அறிவால் சோதித்த பிறகே நம்ப வேண்டுமானால், சோதிக்கும் அறிவை எதனால் சோதிப்பது? அதைச் சோதிக்க மூன்றாவது, அதைச் சோதிக்க நான்காவது என்று முடிவில்லாமல் போகும். இந்தக் குற்றத்துக்கு அனவஸ்தை, அதாவது நிலைபெறாமை, என்று பெயர். ஆகவே குமாரில பட்டர் வழியில் வந்தவர்கள், அறிவு தோன்றும்போதே தன் மெய்ம்மையோடு தோன்றுகிறது என்றும், அதைப் பிறப்பித்த காரணத்தில் குறை இருப்பதாகத் தெரியவந்தாலோ, அதை மறுக்கும் வேறோர் அறிவு வந்தாலோ மட்டுமே அது விலக்கப்பட வேண்டும் என்றும் கூறினர். இதுவே சுவதப் பிராமாண்யம், தன்னாலேயே மெய்யாதல் என்னும் கொள்கை. இதன்படி, புதிய கேமராவை நம்பிக்கையோடு கையில் எடுப்பவர் தவறேதும் செய்யவில்லை. நம்பாமல் எடுப்பவரால் ஒரு படமும் எடுக்க முடியாது.

நியாய மரபினரான நையாயிகர், அதாவது தருக்கத்தையும் அளவைகளையும் தம் முதற்பொருளாகக் கொண்டவர்கள், இதற்கு விடை சொல்லும்போது ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கொண்டுவருகிறார்கள். தொலைவில் நீர் தெரிகிறது. அது கானல்நீரா, குடிநீரா என்பது போய் முகந்து குடித்தால் தெரியும். செயல் பயன் தந்ததால் அறிவு மெய்யாயிற்று என்பது வாத்ஸ்யாயனர் நியாய சூத்திரத்துக்குச் செய்த உரையின் தொடக்கத்திலேயே வைத்த கருத்து. ஆனால் ஒருவர் நாள்தோறும் செல்லும் குளத்தை ஒவ்வொரு நாளும் இப்படிச் சோதிப்பதில்லை. பழகிய பொருளில் முன்பு மெய்யான அறிவோடு இன்றைய அறிவுக்குள்ள ஒப்புமையே உறுதிக்குப் போதுமானது. முன்னையது பழகாத நிலை, பின்னையது பழகிய நிலை. புதிய கேமரா பழகாத நிலைக்கு உரியது. அதன்மேல் இருக்கும் உறுதி செயலைத் தொடங்கிவைக்கப் போதுமானது, செயலின் முடிவை முன்கூட்டியே சொல்லப் போதுமானதன்று என்று இரு மரபுகளையும் இணைத்துச் சொல்லலாம். இந்தக் கட்டுரை சார்ந்து நிற்கும் நிலையும் அதுவே.

பழகாத நிலை என்றால் என்னவென்பதற்கு நெய்வேலிச் சுரங்கத்தைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது. கேமராவின் ஒளிமானி, அதாவது காட்சியில் எவ்வளவு ஒளி இருக்கிறது என்று அளந்து எக்ஸ்போஷரை முடிவுசெய்யும் உறுப்பு, தன்மேல் வந்து விழும் ஒளியை மட்டுமே அறியும். எதிரில் இருக்கும் பொருள் கறுப்பா வெளுப்பா என்பதை அறியாது. ஆகவே எதிரில் இருப்பது, தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதிக்கொண்டே அது கணக்கிடுகிறது. வெட்டி எடுத்த புதிதில் தன் எடையில் ஏறத்தாழப் பாதியை ஈரமாகக் கொண்டிருக்கும் பழுப்பு நிலக்கரி, சுரங்கத்தின் அடித்தளத்தில் கருமையோடு நீண்ட சுவராக நிற்கிறது. அதை மட்டும் சட்டத்துக்குள் அடக்கித் தானியங்கி முறையில் படமெடுத்தால், ஒளி போதவில்லை என்று எண்ணும் கேமரா எக்ஸ்போஷரைக் கூட்டிவிட, கருஞ்சுவர் வெளிறிய சாம்பலாகப் படத்தில் விழுகிறது. அதே கேமராவைப் பங்குனி உத்திரத்தன்று வேலுடையான்பட்டு முருகன் கோயிலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரை நெருங்கி எடுக்கப் பயன்படுத்தினால், இப்போது ஒளி மிகுந்துவிட்டது என்று எண்ணி அது குறைத்துவிட, வேட்டி அழுக்கேறியது போலத் தெரிகிறது. காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கும் புதிய முறைகள் இந்தப் பிழையைக் குறைக்கின்றன, முற்றிலும் நீக்குவதில்லை. கேமரா பழுதாகவில்லை, வடிவமைத்தபடியே சரியாக இயங்குகிறது. உத்தரவாத அட்டை பேசும் நன்மைக்கும் படமெடுப்பவருக்கு வேண்டிய நன்மைக்கும் நடுவே உள்ள இடைவெளி அந்தக் கருஞ்சுவரின் முன்தான் தெரியவருகிறது. அந்த இடைவெளியை அறிந்து, கரிக்கு முன் எக்ஸ்போஷரை ஒரு படி குறைக்கவும் வேட்டிக்கு முன் ஒரு படி கூட்டவும் கை தானாகச் செல்லும் நாளில் வாங்கியவர் பழகிய நிலையை எய்துகிறார்.

தத்துவ நூல்கள் திரிபுணர்ச்சிக்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, காமாலைக் கண்ணனுக்கு வெண்சங்கு மஞ்சளாகத் தெரிவது. சங்கில் மஞ்சள் இல்லை, ஒளியிலும் இல்லை. அறியும் கருவியில் உள்ள குறை அறியப்படும் பொருளின் மேல் ஏற்றப்படுகிறது. சோடியம் விளக்கின் கீழே படமெடுக்கும்போது குறை ஒளியில் இருக்கிறது, சங்கு மஞ்சளாக விழுவது மட்டும் அதேபோல நிகழ்கிறது. அதைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸ் என்ற அமைப்பு, இது வெள்ளை என்று யாரோ ஒருவர் காட்டினால் செம்மையாக வேலை செய்கிறது. தானே ஊகிக்க விட்டால் சில வேளைகளில் தவறுகிறது. வெள்ளையை வெள்ளையென்று முன்பே அறிந்தவர் ஒருவர் கேமராவுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது என்பதே இதில் முதன்மையான செய்தி.

நெய்வேலி தோன்றிய வரலாறும் தேர்ந்து தெளிதலின் வரலாறே. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை துளையிட்டுப் பார்த்துப் பழுப்பு நிலக்கரி பரந்து கிடப்பதை உறுதிசெய்த பிறகும், அதை எடுக்க முடியுமா என்பது பெருங்கேள்வியாகவே இருந்தது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தோடு நிலத்தடி நீர் தேங்கியிருந்தது. மேலிருக்கும் மண்ணை அகற்றிவிட்டால் கீழிருந்து நீர் பீறிட்டு வந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடக்கூடும். ஆகவே 1950களின் முற்பகுதியில் சோதனைக்கென்று ஒரு சிறு சுரங்கம் வெட்டப்பட்டு, நீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்க முடிகிறதா என்று பார்க்கப்பட்டது. முடிந்தது என்று கண்ட பின்னரே பெருஞ்சுரங்கம் தொடங்கியது. அன்று தொடங்கிய நீரிறைப்பு இன்றும் இரவு பகலாக நடக்கிறது. சோதனைச் சுரங்கத்தை வெட்டியவர்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருந்திருந்தால் அதையும் வெட்டியிருக்க மாட்டார்கள்; நம்பிக்கையையே அறிவாகக் கொண்டிருந்தால் நேரே பெருஞ்சுரங்கத்தைத் தொடங்கியிருப்பார்கள். மீமாம்சகரும் நையாயிகரும் ஏட்டில் நடத்திய வாதத்துக்கு, அவர்களை நினைக்காமலேயே, பொறியாளர்கள் மண்ணில் எழுதிய தீர்ப்பாக அந்தச் சிறு சுரங்கத்தைக் கொள்ளலாம்.

புகைப்படக் கலையின் தொடக்க காலத்தில், உறுதியைச் செயலால் சரிபார்க்கும் இந்தச் சோதனை தாமதமாகவே கைகூடியது. 1858இல் புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைச் சுற்றிவந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீள்படமாக ஆக்கியபோது, ஒவ்வொரு படமும் இரசாயனத்தில் கழுவி முடியும்வரை விழுந்ததா இல்லையா என்பதே தெரியாது. இன்று படம் எடுத்த நொடியிலேயே பின்பக்கத் திரையில் தெரிந்துவிடுகிறது. பிறிதொரு சான்றால் மெய்யாதல் என்று நையாயிகர் கூறியது ஒரு நொடிக்குள் அடங்கிவிட்டதால், உறுதியும் அதன் சோதனையும் ஒன்றே என்ற மயக்கம் எளிதில் உண்டாகிறது. திரையில் சிறிதாக அழகாகத் தெரிந்த படம் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஃபோகஸ் தவறியிருப்பதை எல்லாரும் அறிவர்.

மகாநவமியன்று நிகழும் ஆயுத பூசை இந்தச் சிக்கலைச் சமயத் தளத்துக்குக் கொண்டுசெல்கிறது. அன்று கேமராவும் மற்றக் கருவிகளோடு பலகையில் வைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, பொரி, சுண்டலோடு படைக்கப்படுகிறது. லென்ஸின் கண்ணாடியில் படாமல் உடற்பகுதியில் மட்டும் பொட்டு வைக்கும் கவனம் அந்தப் பூசைக்கு உரிய அழகு. பூசையில் வைத்த கருவியை அன்று எடுக்கலாகாது, விசயதசமியன்றே எடுக்க வேண்டும் என்பது மரபு. இதைக் கருவியைத் தெய்வமாக்குவது என்று குறைகூறுவோர் உண்டு; அந்தக் குறை பொருந்தாது. ஒரு நாள் முழுதும் கருவியைத் தொடாமல் எதிரே வைத்துப் பார்க்கும்போது, கையின் நீட்சியாகவே ஆகிவிட்ட பொருள் கையினின்று வேறு என்பது தெரியவருகிறது. தன்னுடைய திறமை எது, கருவியின் திறமை எது என்று பிரித்தறியும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கிறது. அனல் மின் நிலையத்தில் இப்படி ஒரு நாள் நிறுத்திவைக்க வழியில்லை. கொதிகலனும் டர்பைனும் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அவற்றின் அருகில் பூசை நடந்தாக வேண்டும். நிற்காத இயந்திரத்தை வணங்குபவருக்கு அந்தப் பிரிவினையை மனத்துக்குள்ளேயே செய்துகொள்ளும் கடமை கூடுதலாக இருக்கிறது.

சைவ சித்தாந்தம் அந்தப் பிரிவினையை இன்னும் ஆழமாகக் கொண்டுசெல்கிறது. அதன் கொள்கைப்படி கருவிகள் யாவும், புறத்தில் உள்ளவை மட்டுமன்றிக் கண், காது, மனம் ஆகிய அகக்கருவிகளும்கூட, மாயை என்னும் முதற்பொருளிலிருந்து தோன்றிய சடங்கள், அதாவது தாமாக அறியும் ஆற்றல் இல்லாதவை. ஆனாலும் அவை இகழத்தக்கவை அல்ல. ஆணவம் என்னும் இருளில் மூழ்கிய உயிருக்கு மாயையின் காரியங்களான உடலும் கருவிகளும், விடியும்வரை உதவும் விளக்கைப்போல உதவுகின்றன என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் விளக்குகிறார். விளக்கின் பயனை மறுப்பவர் இருளில் இருக்கிறார். விளக்கையே விடியல் என்று கொள்பவரும் இருளில்தான் இருக்கிறார். மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் பன்னிரண்டு சூத்திரங்களுள் பதினொன்றாவதில், கண் காண்கிறது எனினும் கண்ணுக்குப் பொருளைக் காட்டி, தானும் உடன் நின்று காண்பது உயிர் என்றும், அதுபோல உயிர் அறிகிறது எனினும் உயிருக்குக் காட்டி உடன் நின்று காண்பவன் இறைவன் என்றும் நிறுவுகிறது. இந்த அடுக்கில் கேமராவுக்குக் கண்ணுக்கும் முந்திய ஒரு படி கிடைக்கிறது: கேமரா கண்ணுக்கும், கண் உயிருக்கும், உயிர் இறைவனுக்கும் கடன்பட்டு நிற்கின்றன. வெள்ளையை வெள்ளையென்று முன்பே அறிந்தவர் கேமராவுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்ததை இந்த அடுக்கு விளங்கவைக்கிறது. புதிய கேமராவின் மேல் வைத்த உறுதி முழுவதும் அந்த முதற்படியிலேயே தேங்கிவிடுவதுதான் சித்தாந்தி அஞ்சும் நிலை. உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடும் என்பது அந்த மரபின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. கேமராவையே சார்ந்தவர் சட்டத்துக்குள் அடங்குவதை மட்டும் காண்பவராக மாறிவிடுவதை அந்தக் கொள்கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

நெய்வேலிக்கு அடுத்திருக்கும் வடலூரில் கருவியின் எல்லை பற்றி ஒரு தனிச் செய்தி உண்டு. 1872இல் சத்திய ஞான சபையைத் தொடங்கி, இறைவனை உருவமாக வைக்காமல் சுடராகவே காணச் செய்த இராமலிங்க அடிகள், சித்தாந்த மரபிலிருந்து பல இடங்களில் விலகியவர். ஆனால் கருவியின் எல்லை பற்றிய செய்தியில் அவர் வாழ்வு அந்த மரபோடு ஒத்துநிற்கிறது. அவரைப் படமெடுக்கச் சென்னையிலிருந்து வந்த ஒருவர் பலமுறை முயன்றும் வெள்ளாடை மட்டுமே விழுந்தது, திருமேனி விழவில்லை என்று அன்பர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இன்று வீடுகளில் வணங்கப்படுவது வரையப்பட்ட படமே. அந்தச் செய்தியை அற்புதமாகக் கொள்பவரும் உண்டு, அக்காலக் கேமராவின் குறையாகக் கொள்பவரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், காணத்தக்கவற்றுள் மிக உயர்ந்தது கருவிக்குள் அடங்காமல் போகலாம் என்பதை இந்த வட்டாரத்து மக்கள் தலைமுறைகளாக ஏற்றிருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலகிச் சுடர் தெரியும் அந்தச் சில நொடிகளில் அடிகளார் வேண்டியது பார்வையை மட்டுமே. இருளின் நடுவே எரியும் சிறு சுடரை அளக்கும் ஒளிமானி இருளையே கணக்கில் கொண்டு சுடரை வெறும் வெண்திட்டாக ஆக்கிவிடும் என்பதும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது.

குறள் சொன்ன இரண்டாவது குற்றத்துக்கு, அதாவது நம்பியபின் ஐயுறுதலுக்கு, இப்போது திரும்பலாம். வாங்கிய சில திங்களில் அதே நிறுவனம் அடுத்த மாடலை அறிவிக்கிறது. நேற்றுவரை நிறைவு தந்த கேமரா இன்று குறையுள்ளதாகத் தோன்றத் தொடங்குகிறது. கேமராவில் எதுவும் மாறவில்லை. அதன் ஒளிமானி நேற்று அளந்ததுபோலவே இன்றும் அளக்கிறது. மாறியது தன்வேதனைக் காட்சியே. உறுதி அந்தக் காட்சியின் மேல் மட்டும் எழுப்பப்பட்டிருந்தால் அதோடு சேர்ந்தே சரியும். சுரங்கத்தின் கருஞ்சுவரிலும் திருவிழாக் கூட்டத்திலும் பலமுறை செய்து பார்த்த பழக்கத்தின் மேல் எழுப்பப்பட்டிருந்தால், புதிய மாடல் வந்த செய்தி அதை அசைப்பதில்லை. ஐயம் கொள்வதற்கு மீமாம்சகர் வைத்த இரண்டு நிபந்தனைகளான காரணக் குறையும் மறுக்கும் அறிவும் ஆகிய இரண்டும் இங்கே இல்லை. ஆகவே அந்த ஐயம் ஐயமே அன்று, ஆசை பூண்ட வேடம். இதை உணர்ந்து பழைய கேமராவோடு நிற்பவரைக் கஞ்சத்தனம் உள்ளவர் என்று எண்ணுவது பெருந்தவறு. அளவை நூலார் கேட்ட ஒழுங்கை அவர் கடைப்பிடிக்கிறார்.

அண்மைக்காலக் கேமராக்களைக் காட்டி, கருவிகள் சடம் என்ற கொள்கைக்கு ஒரு தடை எழுப்பலாம். அவை மனிதரின் கண்ணையும் பறவையின் கண்ணையும் தாமே கண்டுகொண்டு, அக்கண்கள் அசைந்தாலும் விடாமல் ஃபோகஸைத் தொடரச் செய்கின்றன; காண்பது எது என்று தேர்ந்தெடுக்கும் கருவியை இன்னும் சடம் என்று சொல்வது பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். சித்தாந்த நூல்களின் வழியே நின்று விடை சொல்வதானால், தேர்ந்தெடுத்தல் மட்டும் அறிவுடைமைக்கு அடையாளம் ஆகாது. அறிவுடைப் பொருள் தான் அறிந்ததன் பயனாக இன்பத்தையோ துன்பத்தையோ நுகரும், தான் அறிந்தது மெய்யோ பொய்யோ என்று தன்னைத்தானே வினவவும் செய்யும். பல்லாயிரம் படங்களால் பயிற்றுவிக்கப்பட்ட ஆட்டோ ஃபோகஸ், காவடிக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கும் வேடிக்கை பார்ப்பவரின் கண்ணைப் பற்றிக்கொண்டு, அவருக்குப் பின்னால் வேல் குத்தியபடி வரும் பக்தரின் முகத்தை மங்கவிடும்போது, தான் தவறிழைத்ததாக அதற்குத் தெரியாது. சரியாகப் பற்றிய வேளையிலும் அதற்கு மகிழ்ச்சி இல்லை. அந்தப் படத்தில் யார் முகம் தெளிய வேண்டும் என்பது அவ்விழாவுக்கு ஆண்டுதோறும் வந்து அந்தப் பக்தரின் நோன்பை அறிந்தவருக்குத்தான் தெரியும். கேமராவின் முடிவை மாற்றி ஃபோகஸ் புள்ளியைப் பின்னுக்கு நகர்த்தும் விரலும் அவருடையதே. புதிய கேமராவின் மேல் உறுதி கொண்டவர் அவர். கேமரா எதன் மேலும் உறுதி கொள்வதில்லை, தன் மேலும் கொள்வதில்லை.